விதானம் கேட்டவர்களும் தைத்தவர்களும்

திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. நோன்புக்குக் கிளம்பும் பெண்கள் தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கண்ணனிடம் சொல்கிறார்கள். சங்கு, பறை, பல்லாண்டு பாடுவோர், விளக்கு, கொடி, கடைசியாக விதானம். விதானம் என்றால் மேற்கட்டி, தலைக்கு மேல் கட்டும் துணிக்கூரை. மார்கழியில், விடிவதற்கு முன்னால், பனி இறங்கும் நேரத்தில், ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போகிறவர்களுக்கு அது தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் வெளியே போகும் பெண்கள் தங்களுக்கென்று ஒரு துணிக்கூரை கேட்டதாகத் தமிழில் எழுதிவைத்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி.

வகுப்பில் இந்தப் பாசுரம் வரும்போது நான் ஒரு கேள்வியை முன்வைப்பதுண்டு. கண்ணன் கொடுப்பது இருக்கட்டும், அந்த விதானத்தை யார் தைத்திருப்பார்கள்? மாணவியர் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். பெரும்பாலோர் வீட்டில் ஒரு தையல் மெஷினாவது இருக்கும். பலருடைய அம்மாக்கள் நூற்பாலைக்கோ விசைத்தறிக் கூடத்துக்கோ போகிறவர்கள். அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது கூடாரத்தின் வரலாறு எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாசறையும் பருத்திப் பெண்டிரும்

நம் இலக்கியத்தில் கூடாரம் என்றாலே போர்தான். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளில் ஒரு பாசறையை எழுப்பிக் காட்டுகிறது. கோல்களை ஊன்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டிய இருக்கைகள், வேல்களை நட்டுக் கேடயங்களை வரிசையாக வைத்து அமைத்த காவல், நடுவே நீண்ட கோல்களில் திரைகளைக் கட்டி அரசனுக்கென்று வளைத்த தனி இடம். அங்கே பெண்களும் இருக்கிறார்கள். கச்சில் வாளைச் செருகிக்கொண்டு, கையில் எண்ணெய்ச் சுரையும் நெடுந்திரியுமாக, அணைய அணைய விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டின் தலைவி இவர்களில் ஒருத்தி அல்லள். அவள் வீட்டில் காத்திருக்கிறாள். காத்திருத்தல்தான் முல்லைக்கு உரிப்பொருள்.

நக்கீரரின் நெடுநல்வாடையில் வருவது கூதிர்க்காலம். வாடை வீசுகிறது, தூறல் நிற்கவில்லை. அரசி அரண்மனைக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். அரசனோ நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். குளிரும் இரவும் திறந்த வெளியும் அவனுக்கு. குளிரும் இரவும் நான்கு சுவரும் அவளுக்கு. இந்தப் பிரிவினை நம் கவிதை மரபில் இவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பதாலேயே அது இயற்கை என்று தோன்றிவிடுகிறது.

பாசறையின் திரைத்துணியை நெய்தது யார் என்று இந்தப் பாட்டுகள் சொல்வதில்லை. ஆனால் நூல் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சங்கப் பாடல்களிலேயே விடை கிடைக்கிறது. பருத்திப் பெண்டு என்று புறநானூறு ஒருத்தியைக் குறிப்பிடுகிறது. ஆளில் பெண்டிர், அதாவது ஆண் துணையற்ற பெண்கள், தங்கள் உழைப்பால் நூற்ற மெல்லிய நூலை நற்றிணை உவமையாக்குகிறது. போருக்குப் போனவன் திரும்பாமல் போனால் அவன் மனைவி நூற்றுத்தான் பிழைக்க வேண்டும். அவள் நூற்ற நூல் அடுத்த போரின் பாசறைக்கும் போயிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கூடாரம் பெண்ணின் சொத்தாக இருந்த இடங்கள்

அரசும் படையும் இல்லாத இடங்களில் கூடாரத்தின் கதை மாறுகிறது. அரேபியப் பாலைவனத்தின் பதூயின் மக்களிடம் கருங்கூடாரம் உண்டு. வெள்ளாட்டு மயிரைப் பெண்கள் நூற்று, தரையில் கிடத்திய தறியில் நீளமான பட்டைகளாக நெய்து, பட்டையோடு பட்டை சேர்த்துத் தைப்பார்கள். நைந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதுப் பட்டையைச் சேர்த்துக்கொண்டே வருவதால் கூடாரம் முழுவதுமாகப் பழசாவதே இல்லை. மழை பட்டால் மயிர் ஊதி நெசவின் இடைவெளி அடைபடும். காய்ந்தால் மறுபடி காற்று புகும். கூடாரத்தை அடிப்பதும் பிரிப்பதும் பெண்களின் வேலை.

வட அமெரிக்கச் சமவெளியில் லக்கோட்டா, ஷையன் முதலிய மக்களிடம் டீப்பி என்ற கூம்புக் கூடாரம் இருந்தது. ஒரு டீப்பிக்குப் பத்துப் பன்னிரண்டு காட்டெருமைத் தோலாவது வேண்டும். தோலைப் பதப்படுத்துவதும் வெட்டுவதும் கூடித் தைப்பதும் பெண்கள். தைத்து முடித்த டீப்பி பெண்ணின் சொத்து. மணமுறிவு நேர்ந்தால் வெளியேற வேண்டியவன் ஆண். குளிர்காலத்தில் உட்புறம் இன்னொரு திரையைக் கட்டிவிடுவார்கள். இரண்டு திரைக்கும் நடுவே ஏறும் காற்று, புகையையும் ஈரத்தையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். பனிப்பிரதேசத்தில் தூங்குவதற்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்ற அறிவு, பெண்கள் தோலில் தைத்துவைத்த அறிவு. 1870களிலும் 80களிலும் காட்டெருமைகள் ஏறக்குறைய அழிக்கப்பட்டபோது தோலும் போயிற்று. அதன் இடத்தில் ஆலையில் நெய்த கித்தான் துணி வந்தது.

கூடாரத்தின் மேல் பெண்ணுக்கு இருந்த உரிமை, கூடாரம் சந்தைச் சரக்காகவும் ராணுவத் தளவாடமாகவும் மாறியபோது காணாமல்போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்பூர் ஆலைகள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் கூடாரங்கள் செய்தன. ஆவணங்களில் ஆலையின் பெயரும் முதலாளியின் பெயரும் இருக்கும். திப்பு சுல்தானுடையது என்று அறியப்படும், பூவேலை அச்சிட்ட சீட்டித் துணிக் கூடாரம் ஒன்று இன்றைக்கும் வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டையில் பாதுகாக்கப்படுகிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது கிளைவ் குடும்பத்தின் கைக்குப் போனது. தோட்ட விருந்துகளுக்கு அதை விரித்தார்கள். யாருடையது, யார் எடுத்துப்போனார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நூற்றவர், நெய்தவர், அச்சிட்டவர், தைத்தவர் என்று ஒரு பெயரும் இல்லை.

திரைச்சீலையிலிருந்து மலைக்கு

மலையேற்றமும் காட்டு நடையும் பொழுதுபோக்கான காலத்தில் அவற்றுக்கான பொருள்கள் ஆண்களின் உடலுக்கும் ஆண்களின் பணத்துக்கும் அளவெடுத்து வந்தன. வெளியே போக ஆசைப்பட்ட பெண்கள் திரும்பவும் ஊசியை எடுத்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்தவர் எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளைப் பெற்றவர். கணவனிடம் பல்லாண்டுகள் அடிபட்டு, கடைசியில் மணவிலக்குப் பெற்றவர். 1955இல், தம் 67ஆம் வயதில், 2,000 மைலுக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கிடையாது, முதுகுப்பை கிடையாது. தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் ஒரு கம்பளி, ஒரு மழைச்சட்டை, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை வந்தால் திரைதான் கூரை. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். பிறகு மேலும் இருமுறை அதே பாதையை முடித்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் கரிசல் காட்டுப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். களையெடுக்கையில் மழை பிடித்துக்கொண்டால், உரச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காணி என்பது அதற்குப் பெயர். வரப்போரம் இரண்டு கம்பை நட்டுப் பழஞ்சேலையைக் கட்டினால் பிள்ளைக்கு நிழல். இவற்றையெல்லாம் நாம் கூடாரம் என்று எண்ணுவதில்லை, ஏனென்றால் இவை வேலையின் பகுதி. எம்மாவின் திரைக்கும் கொங்காணிக்கும் பொருளில் வேறுபாடு அதிகமில்லை. எம்மா அதை எடுத்துக்கொண்டு தனக்காக நடந்தார் என்பதுதான் வேறுபாடு.

அமெரிக்காவின் பௌல்டர் நகரில் 1940களின் பிற்பகுதியில் ஆலிஸ் ஹோலுபார் தம் கணவரோடு சேர்ந்து மலையேற்றப் பொருள்கள் விற்கத் தொடங்கினார். தூக்கப்பைகளையும் கூடாரங்களையும் வீட்டிலேயே தைத்தவர் ஆலிஸ். அதே ஊரில் 1966இல் ஃப்ராஸ்ட்லைன் என்ற நிறுவனம் தொடங்கியது. வெட்டிய துணியையும் நூலையும் செய்முறைக் குறிப்பையும் ஒரே பொட்டலமாக அனுப்பிவிடும். வாங்குகிறவர் வீட்டு மெஷினில் தைத்துக்கொள்ளலாம். கடை விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இது மலைக்குப் போகும் வழியாயிற்று. கவுனும் திரைச்சீலையும் தைக்கும் கைக்குக் கூடாரமும் தைக்க வரும் என்பதை அந்தப் பொட்டலங்கள் ஒத்துக்கொண்டன.

ஜப்பானில் ஜுன்கோ தாபெய் 1969இல் பெண்களுக்கான மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் திரட்டப் போன இடங்களில், பிள்ளை வளர்க்க வேண்டியவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். அப்போது அவருக்கு ஒரு சின்ன மகள். பணம் போதாதபோது பெண்கள் தைத்தார்கள். கார் இருக்கை உறையை வெட்டிக் கையுறைக்கு மேலுறை, பழைய திரைச்சீலையில் கால்சட்டை, சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கித் தூக்கப்பை. 15 பெண்கள் கொண்ட அந்தக் குழு 1975இல் மலைக்குப் போனது. மே 4 அன்று, 6,300 மீட்டர் உயரத்தில், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த கூடாரத்தைப் பனிச்சரிவு மூடியது. தாபெயை நினைவற்ற நிலையில் ஷெர்பா வழிகாட்டிகள் இழுத்து வெளியே எடுத்தார்கள். 12 நாள் கழித்து, மே 16 அன்று, எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண் அவர்.

அடுத்து நம் நாட்டிலிருந்து போனவர் பச்சேந்திரி பால். உத்தராகண்ட் மலைக்கிராமத்தில் பிறந்து, துணி தைத்துச் சம்பாதித்த காசில் படித்தவர். 1984 மே மாதம் ல்ஹோத்சே சரிவில் அவர் படுத்திருந்த நைலான் கூடாரத்தின் மேலும் நள்ளிரவில் பனிப்பாறைகள் வந்து விழுந்தன. உடன் இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து வழி செய்து அவரை வெளியே எடுத்தார். சில நாளில், மே 23 அன்று, எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண் ஆனார். தைக்கத் தெரிந்த இரண்டு பெண்கள், கூடாரத்துக்குள்ளேயே புதைந்து மீண்டு, கீழே இறங்காமல் மேலே போனார்கள். இந்த இரண்டு கதைகளையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

தமிழில் தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள். தையலின் பேச்சைக் கேட்காதே என்பது பழைய ஆத்திசூடியின் அறிவுரை. பாரதி தம் புதிய ஆத்திசூடியில் அதே சொல்லை எடுத்து, அவளை உயர்த்தச் சொன்னார். அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் அந்த இரண்டு பொருளையும் இந்தப் பெண்கள் ஒன்றாக்கினார்கள்.

நூல் ஊரில் ஒரு கூடாரம்

ராஜபாளையம் நூல் ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதற்கொண்டு இங்கே ஆலைகள் பெருகின. ஊரை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. தார் சுற்றுவது, மடிப்பது, வெட்டுவது, கட்டுவது என்று அந்தத் துணியில் பெண்களின் கை படாத இடமில்லை. பேண்டேஜ் துணியின் இலக்கணம் கூடாரத் துணிக்கு நேர்மாறானது. புண்ணுக்குக் காற்று வேண்டும் என்பதால் இழைகளை விலக்கி நெய்கிறார்கள். கூடாரத்துக்கு மழை வரக்கூடாது என்பதால் நெருக்கி நெய்கிறார்கள்.

குளிர்காலக் கூடாரத்துக்கு இரண்டுமே வேண்டும். கதகதப்பை உள்ளே நிறுத்த எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சு ஈரமே குளிர்ந்த துணியில் நீராகி மேலே சொட்டும். ஆகவே வெளியே நெருக்கமான துணி, உள்ளே காற்றுப் புகும் துணி, இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, உச்சியில் ஒரு திறப்பு. டீப்பிப் பெண்கள் கண்டறிந்த அதே விதி.

போன மார்கழியில் மாணவியர் ஆறு பேரோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தேன். வெளிக்கூரைக்குப் பை தைக்கும் பாராசூட் துணி, உட்சுவருக்குச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி இரட்டையாக. அகலம் ஆறடி, உயரம் நாலடி. பாதி அகலம் மூன்று, உயரம் நான்கு என்றால் சாய்வு ஐந்து. பள்ளிக்கூடத்துக் கணக்கு துணி வெட்டும் கத்திரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாணவியின் அம்மா ஆயத்த ஆடைக் கூடத்தில் தைப்பவர். நாங்கள் தாளில் போட்ட படத்தைப் பார்த்ததும் சொன்னார்: “மோட்டுல ஒட்டுப் போடாதீங்க மிஸ். துணியை இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் முழுசா விட்டுட்டு, ஒட்டு மேலருந்து கீழ இறங்குற மாதிரி வைங்க. தண்ணி தையலோட ஓடிரும், தையல்ல நிக்காது.” பிறகு ஜீன்ஸ் பேண்டில் வருவதுபோல இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லிக்கொடுத்தார். “ஊசி போன ஓட்டை எல்லாம் தண்ணி வர்ற ஓட்டைதாண்டி” என்று மகளிடம் சொல்லி, தையல்மேல் மெழுகுவத்தியைத் தேய்க்கவைத்தார். 20 ஆண்டுகளாக வேறு யாரோ உடுத்தும் துணியைத் தைத்துவந்தவர் அவர். தன் மகள் படுக்கப்போகும் கூரை என்று அவர் தைத்தது இதுதான் முதல் தடவை.

மலையில் போய் அடிக்க முடியாது. மேற்கே தெரிகிற தொடர் 1988இலிருந்து சாம்பல் நிற மலை அணில் சரணாலயம். 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. சதுரகிரிக்குப் போகிறவர்களும் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். காட்டுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். ஆகவே ஒரு மாணவியின் வீட்டு மொட்டைமாடியில் அடித்தோம். ஆறு பேரும் தைத்தார்கள். இரவு தங்க அனுமதி கிடைத்தது நான்கு பேருக்கு. அனுமதி கிடைக்காதவர்களில் ஒருத்தி, விடுமுறைகளில் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவள். அவளுடைய அப்பாவிடம் அதைச் சொன்னேன். “மில்லுக்குப் போறது வேலை. இது என்ன?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சட்டத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு 7 மணிக்குமேல் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. அது பாகுபாடு என்று 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. தக்க பாதுகாப்புகளை விதித்து இரவு வேலையை அனுமதித்தது. சமத்துவத்தின் பெயரால் இரவின் கதவு திறந்தது, ஆனால் அது ஆலைக்குள் திறந்தது. அதே காலத்தில் தமிழகத்தின் நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை, அதுவரை விடுதிக்குள்ளேயே வாசம். இரவு முழுவதும் கண் விழித்து நூல் ஓட்டலாம். வாசலைத் தாண்டி வானத்தைப் பார்க்கக் கூடாது. பெண்ணின் இரவுக்கு உழைப்பு என்றால் அனுமதி உண்டு, வழிபாடு என்றால் அனுமதி உண்டு. சும்மா படுத்திருக்க, குளிரை அனுபவிக்க, தோழிகளோடு பேசிக்கொண்டிருக்க என்றால் காரணம் கேட்பார்கள்.

மாடியில் அன்று விழுந்த பனி, பகலில் வெயில் காயும் ஊரின் மார்கழிப் பனி. இமயத்தில் விழுவதற்கும் இதற்கும் ஒட்டில்லை. தமிழ் இரண்டையும் பனி என்றே சொல்கிறது. விடிகாலையில் வெளிக்கூரையின் உட்புறம் நனைந்திருந்தது. பேண்டேஜ் துணி காய்ந்திருந்தது. கணக்கு சரி.

2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முத்தமிழ்ச்செல்வி எங்கள் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன முதல் பெண். அவர் பெயரை என் மாணவியர் அறிவார்கள், அறிய வேண்டும். அதோடு இன்னொரு வரிசையையும் அவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். கருங்கூடாரத்துக்குப் பட்டை நெய்தவர்கள், டீப்பி தைத்தவர்கள், வீட்டில் உட்கார்ந்து தூக்கப்பை தைத்த ஆலிஸ், தார் சுற்றும் சத்திரப்பட்டிப் பெண்கள். உச்சிக்குப் போனவர்களின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. தைத்தவர்களின் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும். தைத்த கை, தான் தைத்த கூரையின் கீழ் ஓர் இரவாவது படுப்பதற்கு எது தடையாக இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஆண்டாளின் தோழிகள் விதானத்தைக் கேட்டார்கள். அதைத் தைக்க அன்றைக்கும் இங்கே ஆள் இருந்திருக்கும். இன்றைக்குத் துணி இருக்கிறது, நூல் இருக்கிறது, மோட்டில் ஒட்டுப் போடக்கூடாது என்று தெரிந்த கை இருக்கிறது. இனிக் கேட்டு வாங்க வேண்டியது அதன் கீழே கழிக்க ஓர் இரவு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.